கருவியும் பொறுப்பும் – 11: சொல்லை நம்பி வந்த ரயில்

2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை காலை. கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவில், செம்மங்குப்பம் லெவல் கிராசிங்கில், பிள்ளைகளை ஏற்றிவந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள்.

அன்று முழுக்கப் பேச்சு கேட்கீப்பரைச் சுற்றியே இருந்தது. கேட்டை மூடினாரா, தூங்கிவிட்டாரா, வேன் டிரைவர் திறக்கச் சொன்னாரா, கேட்கீப்பர் எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் கேட்டார்கள். கடமை தவறியவர் சட்டத்துக்குப் பதில் சொல்லட்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த கேட் (எண் 170) பற்றி ரயில்வே அன்றே சொன்ன இன்னொரு விவரம் பேசப்படாமலே போனது. அது ஆள் இருக்கும் கேட். ஆனால் இன்டர்லாக்கிங் செய்யப்படாத கேட். இந்த வாரம் நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

இன்டர்லாக்கிங் இருக்கும் இடத்தில் கேட்டும் சிக்னலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். பச்சை விழுந்த பிறகு கேட்டைத் திறக்க வராது. கேட்கீப்பர் மறந்தாலும், கண் அசந்தாலும் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். டிரைவர் வண்டியை நிறுத்துவார். ரயில் தாமதமாகும், அவ்வளவுதான். வீட்டில் வாஷிங் மெஷின் கதவு சரியாகச் சாத்தாவிட்டால் டிரம் சுற்றாதே, அதே ஏற்பாடு. இதொன்றும் புதுமையும் இல்லை. இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி, தண்டவாளம் பிரியும் பாயின்டையும் சிக்னலையும் இப்படிப் பிணைக்கக் காப்புரிமை வாங்கியது 1856-இல்.

இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் என்ன நடக்கிறது? ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்து வண்டி வருகிறது என்பார். கேட்கீப்பர் கேட்டை மூடிவிட்டு, தன்னிடமுள்ள தாளிலிருந்து ஒரு எண்ணைச் சொல்வார். ‘பிரைவேட் நம்பர்’ என்று அதற்குப் பெயர். ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு வண்டியை விடுவார். அந்த எண்ணுக்கும் கேட்டுக்கும் இடையில் ஒரு கம்பி கூடக் கிடையாது. கேட் திறந்திருந்தாலும் எண்ணைச் சொல்ல முடியும். செம்மங்குப்பத்தில் கேட் மூடப்படாமலே எண் போனதாக ரயில்வே விசாரணையில் தெரியவந்தது என்று செய்திகள் வந்தன.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் பழக்கமானது. ‘சரிபார்த்துவிட்டேன்’ என்று ஒரு கட்டம், அதில் ஒரு டிக். அலுவலகத்தில் நாம் பயன்படுத்தும் பாதி மென்பொருள் இப்படித்தான் ஓடுகிறது. சம்பளப் பட்டியலுக்கு அது போதும். தவறினால் அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம். உயிர் போகக்கூடிய இடத்தில் அது போதவே போதாது.

இதற்கு உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. கனடாவில் செய்த தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை எந்திரம் புற்றுநோயாளிகளுக்கானது. அதற்கு முந்தைய தெராக்-20-இல், கதிர் அளவு மீறினால் தடுக்கத் தனிப் பாதுகாப்புச் சுற்றுகள் இருந்தன. புதிய மாடலில் அவற்றை எடுத்துவிட்டு, கணினி நிரலே பார்த்துக்கொள்ளும் என்று முடிவு செய்தார்கள். 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவு கடந்த கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். டெக்சஸ் மாநிலத்து டைலர் நகர மருத்துவமனையில் திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று மட்டும் வந்தது. அதற்கு என்ன பொருள் என்று இயக்குபவருக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை. தொடரச் சொல்லும் விசையை அழுத்தினார், கதிர் மறுபடி பாய்ந்தது. இதற்குக் காரணமான நிரல் பிழை பழைய தெராக்-20-இலும் இருந்தது என்று பிறகு தெரிந்தது. அங்கே பாதுகாப்புச் சுற்றுகள் தடுத்துக்கொண்டே இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதனால்தான் செம்மங்குப்பத்துக்குப் பிறகு ரயில்வே வெளியிட்ட அறிவிப்புகளை ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லா லெவல் கிராசிங்கிலும் சிசிடிவி வைக்கப்படும், கேட்கீப்பர்களின் குரல் பதிவுகள் சோதிக்கப்படும் என்றார்கள். வைக்கட்டும், விசாரணைக்கு உதவும். ஆனால் கேமரா ரயிலை நிறுத்தாது. இறந்த பிறகு யார் மேல் தப்பு என்று சொல்லும் கருவியும், இறக்காமல் காக்கும் கருவியும் ஒன்றல்ல. மலிவாகவும் சீக்கிரமாகவும் மாட்டிவிடலாம் என்பதற்காக முன்னதை வாங்கிவிட்டு, பின்னதைத் தள்ளிப்போடுவது தவறான தேர்வு.

அதே அறிவிப்பில் இன்டர்லாக்கிங்குக்கான வரம்பை 20,000-இலிருந்து 10,000-ஆகக் குறைத்தார்கள். ஒரு நாளில் அந்த கேட்டைக் கடக்கும் ரயில்களையும் சாலை வாகனங்களையும் பெருக்கினால் வரும் எண் அது. 20 ரயில், 600 வண்டி என்றால் 12,000. பழைய வரம்பில் இப்படிப்பட்ட கேட் விட்டுப்போகும், புதியதில் உள்ளே வரும். நல்ல மாற்றம். ஆனாலும் அந்தக் கணக்கில் மணல் லாரியும் ஒன்றுதான், பிள்ளைகள் நிறைந்த பள்ளி வேனும் ஒன்றுதான். கிராமத்து கேட்டில் வண்டி குறைவு என்பதால் அங்கே உயிர் மலிவாகிவிடாது. என்னைக் கேட்டால் வரம்பே வேண்டாம். ரயில் வேகமாகப் போகும் பாதையில் சாலை குறுக்கிட்டால், ஒன்று இன்டர்லாக்கிங் வேண்டும், அல்லது சுரங்கப்பாதை வேண்டும். செம்மங்குப்பத்தில் சுரங்கப்பாதைக்கு ஒப்புதல் இருந்தும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாக வரவில்லை என்று ரயில்வே சொன்னது. யார் பக்கம் தாமதமோ, அந்த ஓராண்டில் அந்த கேட் தொலைபேசியை நம்பியே ஓடியது.

இன்டர்லாக்கிங் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே, பஹானகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பச்சை சிக்னலை நம்பிப் போய், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே இன்டர்லாக்கிங் இருந்தது. ஒரு லெவல் கிராசிங்கின் தடுப்பை மாற்றும் வேலையில் வயர் தவறாக இணைக்கப்பட்டதுதான் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் வெளிப்பட்ட காரணங்களில் ஒன்று. பிணைப்பைத் தொட்டு வேலை செய்தால், முழுவதும் சோதிக்காமல் பாதையை ஒப்படைக்கக் கூடாது. நிரலில் ஒரு வரி மாற்றினாலும் இதே விதிதான். நேரமில்லை என்று சோதனையைக் குறைக்கச் சொல்லும் மேலாளரிடம், பஹானகா பஜாரின் பெயரைச் சொல்லுங்கள்.

கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை வரை இந்தப் பாதையில் தினமும் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் கேட் எந்த எண், அது இன்டர்லாக் செய்யப்பட்டதா, இல்லையென்றால் எப்போது செய்வார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தெற்கு ரயில்வேயின் திருச்சி கோட்டத்துக்கு எழுதிக் கேளுங்கள். கேமரா வைத்துவிட்டோம் என்று பதில் வந்தால், கேட்டது அது இல்லை என்று மறுபடியும் எழுதுங்கள்.

(தொடரும்)