உஷார்! அந்த அரிசி யார் வீட்டு அரிசி?

கங்காதர நெல்லூர், பெனுமூர், வெதுருகுப்பம், கார்வேட்டிநகரம் பக்கத்து ஜனங்களே, உஷார்! பழைய செம்புச் சொம்பு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "இடி விழுந்த செம்பு இது, இரிடியம் ஏறியிருக்கிறது, அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலை போகும்" என்று யாராவது வாசலில் வந்து நின்றால் திண்ணையில்கூட உட்கார வைக்காதீர்கள். 'ரைஸ் புல்லிங்' என்ற பெயரில் ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பல வருஷமாகக் குடும்பங்களைத் தெருவில் நிறுத்திவரும் மோசடி இது.

உங்கள் கண்ணெதிரே அரிசி நகரத்தான் செய்யும். அதைப் பார்த்த பிறகுதான் மனசு விழுகிறது. கொண்டுவந்த அரிசியில் இரும்புத்தூள் ஏற்றியிருப்பார்கள், சொம்புக்குள் காந்தம் ஒளிந்திருக்கும், அவ்வளவுதான் சங்கதி. அடுத்து, பொருளைச் சோதிக்க 'சயன்டிஸ்ட்' வருவார், கதிர்வீச்சு உடுப்பு வேண்டும், டெஸ்டிங் சார்ஜ் கட்ட வேண்டும், நீங்களும் ஒரு பங்கு போடுங்கள் என்று பேச்சு நீளும். வாங்கப்போவது இஸ்ரோ என்பார்கள், நாசா என்பார்கள். ஸ்ரீஹரிகோட்டா நமக்குப் பக்கம் என்பதால் இஸ்ரோ பெயரைச் சொன்னதும் நாம் சட்டென்று நம்பிவிடுகிறோம். 2018 மே மாதம் டெல்லி போலீஸ் ஒரு அப்பாவையும் மகனையும் கைது செய்தது. நாசாவுக்கு விற்கலாம் என்று ஆசைகாட்டி ஒரு வியாபாரியிடம் 1 கோடியே 43 லட்சம் ரூபாய் பறித்தார்கள் என்பது வழக்கு. ஏமாந்தவர் வியாபாரம் பார்த்தவர், விவரம் தெரியாதவர் இல்லை.

இந்த மாதிரி ஆட்களை எதிர்கொள்ள நமக்கு வழி சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் கோயம்புத்தூர் போத்தனூரில் வாழ்ந்தார். பி. பிரேமானந்த். 1930-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர். மேஜிக் கற்றவர். அந்தக் கலையை வைத்து மேடைக்கு மேடை கைதட்டல் வாங்கிக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். அவரோ ஊர் ஊராகப் போய், சாமியார்கள் செய்வதையெல்லாம் தானே செய்துகாட்டி, பிறகு ரகசியத்தையும் உடைத்துச் சொன்னார். வெறுங்கையில் விபூதி வரவழைப்பார், எரியும் கற்பூரத்தை நாக்கில் வைப்பார், நாக்கில் சூலம் குத்திக்கொண்டு நிற்பார். ஜனங்கள் வாய்பிளந்து பார்த்து முடித்ததும், இதோ இப்படித்தான் என்று அதே கையால் விளக்குவார். 1988 முதல் 'இந்தியன் ஸ்கெப்டிக்' பத்திரிகையைப் போத்தனூரிலிருந்தே நடத்தினார். 2009 அக்டோபர் 4-ஆம் தேதி இறந்துபோனார்.

அவருக்கு முன்னோடி ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் பிறந்து, இலங்கைக்குப் போய் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த வாத்தியார். ஏமாற்ற வழியில்லாத ஏற்பாட்டில் ஒரே ஒரு அற்புதம் செய்துகாட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-ல் சவால் விட்டார். 1978-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சவாலைப் பிரேமானந்த் கையில் எடுத்தார். கடைசிவரை யாரும் ஜெயிக்கவில்லை. 'ஏமாற்ற வழியில்லாத ஏற்பாட்டில்' என்ற அந்த நிபந்தனையைத்தான் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக்காரரும் இதே பாதைக்கு வந்தவர். மனோசக்தியால் கரண்டியை வளைப்பதாகச் சொல்லி உலகம் சுற்றிய யூரி கெல்லர், 1973-ல் ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சிக்கு வந்தார். என்ன செய்யலாம் என்று நிகழ்ச்சிக்காரர்கள் ராண்டியைக் கேட்டார்கள். பொருட்களை நீங்களே கொண்டுவாருங்கள், நிகழ்ச்சி தொடங்கும்வரை கெல்லரின் ஆட்களைப் பக்கத்தில் விடாதீர்கள் என்றார் அவர். அன்றைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்தும் கெல்லரால் எதையும் செய்துகாட்ட முடியவில்லை.

ரைஸ் புல்லிங் ஆளிடமும் இதையே செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பானையில் இருக்கும் அரிசியை எடுத்து வந்து வையுங்கள். நேரம் சரியில்லை, தீட்டு, அரிசி ஜாதி வேறு என்று சாக்கு வரும். தந்திரம் எப்படி நடக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது இல்லை. அது புரியவில்லை என்பதற்காக அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

இன்னொரு வித்தையைப் பற்றி நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. உள்ளங்கையில் ஒரு அலுமினிய நாணயத்தை வைத்து மூடச் சொல்வார்கள். மந்திரம் சொல்லச் சொல்ல அது சுடும், திறந்து பார்த்தால் சாம்பல் பூத்திருக்கும். அலுமினியத்தின் மேல் மெர்க்குரிக் குளோரைடு என்ற பாதரச உப்பைத் தடவினால் சூடும் வரும், சாம்பல் மாதிரி பொடியும் வரும். சாமி படத்தின் அலுமினியச் சட்டத்தில் விபூதி கொட்டுவதையும் இதே உப்பை வைத்துச் செய்யலாம். அது கொடிய விஷம். தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும். பிரசாதம் என்று அந்தப் பொடியைக் குழந்தை நாக்கில் தடவிவிடாதீர்கள், அம்மா. தானாகப் பற்றும் யாகத் தீக்குப் பெரும்பாலும் பெர்மாங்கனேட்டும் கிளிசரினும் போதும். சிவப்பாக மாறும் தண்ணீரை நாமே மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தித் தட்டில் தினமும் செய்கிறோம்.

பாம்பு கடித்தால் மந்திரிக்கப் போகும் பழக்கம் இன்னும் விடவில்லை. மந்திரித்துக்கொண்டவர் பிழைத்தார் என்று ஊரில் நாலு பேர் சாட்சி சொல்வார்கள். கடிக்கிற பாம்புகளில் பல விஷமில்லாதவை, விஷப்பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும், அப்படிக் கடிபட்டவர்கள் எப்படியும் பிழைத்திருப்பார்கள். கட்டுவிரியன் கடித்தவருக்கோ மந்திரிப்பில் வீணாகும் நேரம்தான் உயிர். 108-ஐக் கூப்பிடுங்கள், சித்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கோ திருப்பதி ரூயாவுக்கோ நேராகப் போங்கள்.

படித்தவர்களுக்கு இது நடக்காது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 2021 ஜனவரி 24-ஆம் தேதி, அப்போது நம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில், இரண்டு பெண்பிள்ளைகள் பெற்றவர்கள் கையாலேயே கொல்லப்பட்டார்கள். மறுபடி உயிரோடு எழுவார்கள் என்று நம்பினார்களாம். பெற்றோர் இருவருமே கல்வி சொல்லிக்கொடுத்தவர்கள், அதிலும் அப்பா வேதியியல் படித்தவர். பட்டம் மட்டும் இதற்குக் காப்பு ஆகாது.

கடன் நெருக்கும்போதுதான் இந்த ஆட்கள் மோப்பம் பிடித்து வருவார்கள். 2025-ல் தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்து நம் விவசாயிகள் தவித்தது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட வருஷத்தில் ஒரே நாளில் கோடீஸ்வரன் என்ற பேச்சு யாரையும் அசைக்கும். ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? அதை மீட்க இன்னொரு ரூபாய் போடாதீர்கள். ஆன்லைனில் அனுப்பியிருந்தால் இந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போனில் இருக்கும் மெசேஜ், போட்டோ எதையும் அழிக்காதீர்கள். மானம் போய்விடும் என்று வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்க வேண்டாம், ஐயா. ஏமாற்றியவன்மேல் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில் வழக்குப் போட முடியும். நீங்கள் புகார் கொடுக்காதவரை அவன் அதே சொம்போடு பக்கத்து ஊருக்குப் போய்க்கொண்டே இருப்பான்.