பழைய வாஷிங் மெஷின் யார் கைக்குப் போகிறது?



சரக்கு வாங்கும்போது எடை பார்க்கிறோம், ரகம் பார்க்கிறோம், பில் கேட்கிறோம். வீட்டில் ஓடாமல் நின்றுபோன ஒரு பொருளைக் கழித்துக் கட்டும்போது மட்டும் இவற்றில் ஒன்றையும் பார்ப்பதில்லை. பழைய சாமான் வண்டிக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, இடம் காலியானால் போதும் என்று இருந்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. செஞ்சியில் எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பதினோரு வருடம் உழைத்த வாஷிங் மெஷின் அதோடு போயிற்று. வாசலில் வந்த வண்டியில் ஏற்றிவிட்டோம்.

பத்து நாள் கழித்து ஒரு வேலையாக ஆற்றங்கரைப் பக்கம் போனோம். கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது. தாமிரக் கம்பிக்காக ஒயரைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் குச்சியால் கிளறிக்கொண்டு நின்றான். பக்கத்தில் கிடந்த மூடியில் எங்கள் பேத்தி ஒட்டிய மயில் படம் அப்படியே இருந்தது. அந்தப் பையன் மீதோ வண்டிக்காரர் மீதோ பழி சொல்ல நமக்கு வாய் இல்லை. சரக்கு நம் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது.

அன்று முதல் நாலு பேரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

வாஷிங் மெஷினில் பெரும்பகுதி இரும்புத் தகடும் பிளாஸ்டிக்கும்தான். பல மெஷின்களில் டிரம் எவர்சில்வரால் ஆனது. மோட்டாரிலும் ஒயரிலும் தாமிரமோ அலுமினியமோ இருக்கும். முன்பக்கம் கதவு வைத்த மெஷின்களில், ஆட்டத்தைத் தாங்கக் கனமான கான்கிரீட் கட்டியும் இருக்கும். இரும்புக்கும் தாமிரத்துக்கும் விலை உண்டு. அவற்றைப் பிரித்து எடுத்த பிறகு, விலை போகாத கட்டியும் நொறுங்கிய பிளாஸ்டிக்கும் வாய்க்காலுக்குப் போகின்றன.

ஒயரின் மேலுறை பி.வி.சி. அதைத் திறந்த வெளியில் கொளுத்தினால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டையாக்சின் என்னும் நச்சும் கிளம்பும். புகை காற்றோடு போய்விடும் என்று எண்ண வேண்டாம். டையாக்சின் சாம்பலிலும் மண்ணிலும் புல்லிலும் படிகிறது. அந்தப் புல்லை மேய்ந்த மாட்டின் பாலில், கொழுப்போடு சேர்ந்து நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது. பழைய மெஷின்களின் எலெக்ட்ரானிக் போர்டுகளில் ஈயப் பற்றவைப்பு இருக்கும். ஈயம் வளரும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

சங்கராபரணி நம் செஞ்சி வட்டாரத்து மலைகளில் தோன்றி, வீடூர் அணைக்குச் சென்று, பிறகு புதுச்சேரிப் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. அணைத் தண்ணீரை நம்பி வயல்கள் இருக்கின்றன. இங்கே கரையில் கொட்டுவதெல்லாம் மழை வந்தால் அங்கே போய்ச் சேரும். நெல்லும் மணிலாவும் விற்றுப் பிழைக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்னணுக் கழிவுக்கென்று மத்திய அரசு 2011-இல் விதிகள் வகுத்து, 2012 மே முதல் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்போதே வாஷிங் மெஷின் பட்டியலில் இருந்தது. 2016-இல் விதிகள் மாற்றப்பட்டன. இன்று இருப்பவை 2022-ஆம் ஆண்டு விதிகள். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலில் உள்ளன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பொருளைத் தயாரித்து விற்ற கம்பெனி, முன்பு விற்ற அளவைக் கொண்டு கணக்கிட்டு, ஒரு பங்கு மறுசுழற்சி ஆனதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பங்கு 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 சதவீதம். 2025-26, 2026-27 ஆண்டுகளுக்கு 70 சதவீதம். 2027-28 முதல் 80 சதவீதம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் தரும் சான்றைக் கொண்டே இந்தக் கணக்கு நேராகும். ஆகவே நாம் வேண்டாம் என்று தள்ளும் பழைய மெஷின் அவர்களுக்குத் தேவையான சரக்கு.

இன்வர்ட்டர் பேட்டரியை எண்ணிப் பாருங்கள். யாராவது அதைக் குப்பையில் போடுகிறோமா? பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்கிறார்கள். விற்றவரே பழைய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2001-லேயே விதி வந்துவிட்டது. ஒரு பொருளுக்குத் திரும்பும் வழி இருந்தால் ஜனங்கள் அந்த வழியில் போகிறார்கள் என்பதற்கு இது சாட்சி.

நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பெல்ட், கண்டென்சர், தண்ணீர் வெளியேற்றும் பம்ப் போன்ற சின்னப் பழுதுக்கே பல மெஷின்கள் ஓரங்கட்டப்படுகின்றன. ஓடும் மெஷினாக இன்னொரு வீட்டுக்குப் போனால் அதைவிட நல்ல வழி இல்லை.

2. புதியது வாங்கும்போது எக்ஸ்சேஞ்ச் கேளுங்கள். பழையது எங்கே போகிறது என்றும் கேளுங்கள். எழுத்தில் ரசீது வாங்குங்கள். எக்ஸ்சேஞ்ச் கழிவு போக மீதித் தொகைக்கு மட்டும் ஜி.எஸ்.டி. என்று நினைக்க வேண்டாம். பழையதைக் கொடுக்காமல் வாங்கினால் என்ன விலையோ அந்த முழு விலைக்கும் வரி உண்டு. கடைக் கணக்கில் உள்ளீட்டு வரி எடுத்த டீப் ஃபிரீசர் போன்றவற்றை விற்கும் முன் கணக்கரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கொடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, குழாயிலுள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள். கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். தெரியாதவர்கள் கழற்ற வேண்டாம்.

4. ஃபிரிட்ஜ், ஃபிரீசரின் குழாயை யாரும் வெட்ட விடாதீர்கள். மிகப் பழைய ஃபிரிட்ஜ்களில் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு இருக்கும். இப்போது வரும் பலவற்றில் எளிதில் தீப்பற்றும் ஐசோபியூட்டேன் இருக்கிறது. கொல்லையில் போட்டு வைத்தால் கதவைக் கழற்றி வையுங்கள். விளையாட்டுக்கு உள்ளே புகும் குழந்தை மூச்சு முட்டிப் போகும்.

5. காயலான் கடைக்காரர் நம் விரோதி அல்ல. இரும்பை உருக்காலைக்குத் திருப்பி அனுப்புபவர் அவரே. தகடு, டிரம் அவரிடம் போகட்டும். ஒயரையும் போர்டையும் மட்டும் கொளுத்தாமல் தனியே வைக்கச் சொல்லி, அதற்கும் ஒரு விலை பேசுங்கள்.

லோடு சேர்ந்தால் லாரி வரும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். ஒரே ஒரு மெஷினுக்காகப் பெருநகரத்திலிருந்து செஞ்சிக்கு யாரும் வரமாட்டார்கள். ஒரு மூட்டைக்கு லாரி வராது, லோடுக்கு வரும் என்பது மொத்த வியாபாரத்தில் நாம் தினமும் காணும் பாடம். அந்தப் பாடத்தை இங்கேயும் வைத்துப் பார்க்கலாமே!

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நம் சங்கம் தேதி குறிக்கட்டும். கூரையுள்ள ஒரு குடோனை உறுப்பினர் ஒருவர் அன்று ஒதுக்கித் தரட்டும். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், பழுதான எலெக்ட்ரானிக் தராசு, பில் போடும் மெஷின் எல்லாம் அங்கே வரட்டும். 2006-லும் 2011-லும் தொடங்கிய அரசுத் திட்டங்களில் வீட்டுக்கு வீடு வந்த கலர் டிவியும் மிக்ஸியும் கிரைண்டரும் இன்னும் எத்தனை பரணில் கிடக்கின்றன! அவையும் வரட்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்கி, மூன்று பேரிடம் விலை கேட்டு, நல்ல விலை தருபவரை வரவழைப்போம். எண்ணிக்கை எழுதி, எடை போட்டு, ரசீது வாங்கி அனுப்புவோம். வண்டிக்காரர் தருவதைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் குறையட்டும்.

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்க, தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். ராஜகிரி மேல் ஏறி நின்று ஊரைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் ஆற்றங்கரைக் கரும்புகை படலாமா?

எங்களுக்கு அன்று கிடைத்த பணம் நானூறு ரூபாய். அந்தப் பையன் சுவாசித்த புகைக்கு அதில் கணக்கு இல்லை. அடுத்த கூட்டத்தில் இந்த யோசனையை முன்வைக்க இருக்கிறோம். உறுப்பினர்கள் தங்கள் வீட்டிலும் குடோனிலும் கிடக்கும் பழைய சாமான்களை எண்ணி ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். லோடு எவ்வளவு என்று அன்றே தெரிந்துவிடும்.