வலிக்கிறது யாருக்கு?

படிவம் மூன்றில் படித்தபோது பாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். "நெஞ்சு அடைக்குதுய்யா" என்றார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த நான், மருத்துவரிடம் ஆங்கிலத்தில் 'ஹர்ட்ஸ்' என்று முடித்துவிட்டேன். எங்கே வலி, எப்படிப்பட்ட வலி என்று அவர் கேட்க, பாட்டியோ "வலி இல்லையே" என்றார். நான் திருதிருவென விழித்தேன். நல்ல வேளை, தாதி ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

என் பிழை எதுவென்று பல்கலைக்கழக மொழியியல் வகுப்பில்தான் விளங்கியது. ஆங்கிலத்தில் 'ஹர்ட்' என்ற ஒரே வினைக்குப் பல வேலை. கை வலித்தாலும் 'ஹர்ட்ஸ்', ஊசி வலித்தாலும் 'ஹர்ட்ஸ்', ஒருவர் நம்மை நோகச் செய்தாலும் அதே சொல்தான். வலிக்கும் உறுப்பு, வலி தரும் பொருள் இரண்டும் எழுவாயாகின்றன. வலியை உணரும் ஆளோ 'மை ஹெட் ஹர்ட்ஸ்' என்பதில் 'மை' என்ற உடைமைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறார்.

எபிரேய மொழியில் 'கோஎவ் லி ஹரோஷ்' என்பார்கள். 'லி' என்றால் எனக்கு, 'ரோஷ்' என்றால் தலை. நம் 'எனக்குத் தலை வலிக்கிறது' போலவே! அங்கே வயிறு பெண்பால். ஆகவே வயிறு வலித்தால் வினை 'கோஎவெத்' என மாறும். வினை இயைவது உறுப்போடு, ஆளோடு அல்ல. வலியை உண்டாக்கியவரைச் சொல்ல, அதே வேரிலிருந்து 'ஹிக்இவ்' என்ற பிறவினை இருக்கிறது. தன்வினை, பிறவினை என்று நம் ஆசிரியர்கள் கற்பித்தது நினைவிருக்கிறதா, நண்பர்களே?

தமிழில் நோகிறது, எரிகிறது, குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, அடைக்கிறது என்று எத்தனை சொற்கள்! பாட்டி சரியான சொல்லைத்தான் தேர்ந்தெடுத்தார். அதை ஒரே 'ஹர்ட்ஸ்' ஆக்கியவன் நான். வீட்டுப் பெரியவர்களுக்காக மருத்துவரிடம் பேசப்போகும் நாம், முதலில் அவர்கள் சொல்லும் வினைச்சொல்லைக் காதில் வாங்குவோம்.