பச்சைக் குளமே... பச்சைக் குளமே!

"மாப்ளே, ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. நம்ம வீட்டு நீச்சல் குளம் ரெடி!"

அனகாபுத்தூரிலிருந்து மச்சான் போன். துண்டும் கையுமாகப் போய் இறங்கினேன். கொல்லைப்புறத்தில் 10 அடி நீளம், 9 அடி அகலம்... அத்தனையும் கீரை மசியல்!

"ரெண்டு வாரம் ஊர்ல இல்ல... மோட்டார் போடல" என்று அசடு வழிந்தார்.

நான் சிரித்து முடிப்பதற்குள், அவர் பையனின் பந்து குளத்தில் 'தொபுக்'! நாலடித் தண்ணீர்தான். பந்து மூழ்கிய இடமே தெரியவில்லை. பந்துக்குப் பதில் பையன் விழுந்திருந்தால்? சிரிப்பு நின்றுபோச்சு. கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் மறுவேலை.

"பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டிடுவோம்!" என்றார் மச்சான். 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் புகுந்ததிலிருந்து அந்தப் பவுடர் மேல் அவருக்கு அப்படியொரு பக்தி!

பக்கத்து வீட்டுத் தறிக்காரப் பெரியவர் தடுத்தார். "தண்ணி குணம் பாக்காம சாயம் போடுவாங்களா தம்பி?"

நியாயம்தானே! சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற பரிசோதனை டப்பாவை வாங்கி வந்தோம். பி.எச். அளவு 7.2-லிருந்து 7.6-க்குள் இருக்கணும். 8-ஐத் தாண்டினால், போட்ட குளோரினில் முக்கால்வாசி, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆபீஸில் நாம் இருக்கிற மாதிரிதான்... சும்மா உட்கார்ந்திருக்கும்! எகிறியிருந்தால், கையுறை போட்டு, நீர்த்த ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து இறக்கணும். உஷார்: ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் நேருக்கு நேர் சந்திக்கவே கூடாது. கிளம்புவது விஷ வாயு!

அடுத்து, சுவர், மூலை, படிக்கட்டு எல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்தோம். பாசி சுவரில் ஒட்டியிருந்தால் மருந்து உள்ளே இறங்காது.

பவுடர் போட நேரம், பொழுது சாய்ந்த பிறகு. வெயில் குளோரினைத் தின்றுவிடும். 10,000 லிட்டருக்குச் சுமார் 300 கிராம். பக்கெட் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, ராத்திரி பூரா மோட்டார்.

காலையில் பச்சை, சாம்பலாகியிருந்தது. செத்த பாசி! பில்டரைக் கழுவி, மறுபடி ஒரு ராத்திரி. அடியில் தங்கிய வண்டலை உறிஞ்சி எடுத்தாச்சு. குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமுக்கு இறங்கும்வரை யாரும் இறங்கக்கூடாது. அப்புறமும் அதே அளவில் வைத்திருந்தால் பாசி எட்டிப் பார்க்காது.

மூன்றாம் நாள் பத்து ரூபாய்க் காயினைக் குளத்தில் போட்டார் மச்சான். மேலிருந்தே தெரிந்தது... பூ!

கதவைத் திறந்தோம். பையன் முதலில் எடுத்தது பந்தைத்தான்.