பாறை ஏறப் போறீங்களா? பையைப் பார்த்து வாங்குங்க!

வார நாள்களில் பள்ளிக்கும் வேலைக்கும் தூக்கிச் செல்லும் அதே முதுகுப்பை. வார இறுதியில் பாறை ஏறவும் அதுவே போதுமா?

உள்ளரங்கச் சுவரில் ஏறுவோருக்குத் தாராளமாகப் போதும். காலணி, சாக் பவுடர், தண்ணீர்ப் போத்தல், ஒரு துண்டு. ஏறும்போது பை கீழேதான் இருக்கும்.

வெளியே இயற்கையான பாறைக்குப் போனால் கதை வேறு. பை பாறையில் உரசும். சில இடங்களில் உங்கள் முதுகில் தொங்கியபடி மேலேயும் வரும். அங்கே பொருந்தாத பை ஆபத்தாக மாறலாம்.

எதைப் பார்த்து வாங்குவது?

பை உங்களோடு ஏறுமா, கீழேயே இருக்குமா?

கடைக்குப் போகும் முன் இதை முடிவு செய்யுங்கள்.

சிங்கப்பூரின் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் உள்ள பழைய கருங்கல் சுரங்கத்தில் பாறை ஏறலாம். தைப்பூசத்துக்குப் பெயர்பெற்ற பத்துமலையின் சுண்ணாம்புப் பாறையிலும் ஏறுவதற்குப் பல பாதைகள் உண்டு. ஒரே கயிற்று நீளத்தில் ஏறி இறங்கும் பாதை என்றால் பை அடிவாரத்திலேயே இருக்கும். ஆனால் எல்லாச் சாதனங்களும் அதில் அடங்கவேண்டும். 60 மீட்டர் கயிறு மட்டுமே சுமார் 4 கிலோ. அதற்கு 30 முதல் 40 லிட்டர் பை சரிவரும்.

சிலாங்கூரின் புக்கிட் தக்குன் போன்ற இடங்களில் சில பாதைகள் பல கயிற்று நீளங்களுக்குப் போகும். அங்கே பையும் உங்களோடு ஏறும். சிறிய பை தேவைப்படுவது இங்கேதான். பெரும்பாலும் இரண்டாவதாக ஏறுபவரே அதைச் சுமப்பார்.

எவ்வளவு சின்னது?

15 முதல் 20 லிட்டர் போதும். தண்ணீர், மழைச்சட்டை, நொறுக்குத்தீனி, முதலுதவிப் பொருள்கள், தலைவிளக்கு, இறங்கி நடக்க ஒரு சோடிக் காலணி. இவ்வளவும் அதில் அடங்கும்.

பை பெருசா இருந்தா, பொருளும் பெருகும்! முதுகில் கூடும் ஒவ்வொரு கிலோவும் உங்களைப் பாறையிலிருந்து பின்னோக்கி இழுக்கும். அந்தப் பாரத்தைத் தாங்குவது உங்கள் விரல்கள்.

துணி எப்படி இருக்கணும்?

பையின் விவரச்சீட்டில் 'டெனியர்' என்ற எண்ணைப் பாருங்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதையே அது குறிக்கிறது. எண் கூடினால் நூல் தடிமன் என்று பொருள்.

210 டெனியர் நைலான் எடை குறைவு; கரடுமுரடான பாறையில் சீக்கிரம் கிழியலாம். பையின் உடலுக்கு 420 அல்லது அதற்கு மேலும், அதிகம் உரசும் அடிப்பகுதிக்கு 840 அல்லது அதற்கு மேலும் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். வலைத்துணியில் தைத்த பக்கப் பைகள்தான் முதலில் கிழியும். அவை இல்லாததே நல்லது.

கடையில் இவற்றைச் சோதியுங்கள்

- தொங்கும் வார்கள் வேண்டாம். அவை பாறையில் மாட்டலாம். கயிற்றைக் கட்டுப்படுத்தும் சாதனத்திலும் சிக்கலாம்.
- பை உங்கள் முதுகைவிட அகலமாக இருக்கக்கூடாது. கைகளை உயர்த்திப் பாருங்கள். தோள் இடிக்கிறதா?
- தலைக்கவசம் அணிந்து மேலே பாருங்கள். பையின் மேல்பகுதி தலையைத் தடுத்தால் அடுத்த பிடியைப் பார்க்கமுடியாது.
- பையின் இடுப்புப் பட்டையைக் கழற்ற முடியுமா? முடியாவிட்டால், ஹார்னெஸில் மாட்டிய சாதனங்களை அது மறைத்துவிடும்.
- வாய்ப்பகுதி உறுதியாக மூடுகிறதா? பாதி வழியில் ஸிப் பிரிந்து தண்ணீர்ப் போத்தல் விழுந்தால், கீழே நிற்பவர் தலையில் விழலாம்.
- மேலே உறுதியாகத் தைத்த வளையம் இருக்கட்டும். குறுகலான பிளவில் பையை முதுகிலிருந்து கழற்றித் தொங்கவிட அது உதவும்.

ஒன்றை மறக்காதீர்கள்: அந்த வளையம் பையைத் தாங்க மட்டுமே. உங்களை அதில் ஒருபோதும் இணைத்துக்கொள்ளாதீர்கள்.

நம்ம ஊர் ஈரம்

பாறையில் தப்பிய பை வீட்டு அலமாரியில் கெட்டுப்போவதும் உண்டு. பல பைகளின் உட்புறத்தில் தண்ணீர் புகாமல் இருக்க பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு நாளடைவில் சிதையும். உள்ளே பிசுபிசுப்பு, புளித்த வாடை, செதில் செதிலாக உரியும் பூச்சு ஆகியவை அதற்கு அடையாளம்.

வீடு திரும்பியதும் பையைக் காலி செய்யுங்கள். வியர்வை பட்ட வார்களைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். கடும் வெயிலில் போட்டால் நைலான் வலுவிழக்கும். துணி துவைக்கும் இயந்திரமும் வேண்டாம்.

கையில் காசு குறைவா?

பை காத்திருக்கலாம். கயிறு, ஹார்னெஸ், தலைக்கவசம் ஆகியவற்றுக்கு அனைத்துலகப் பாதுகாப்புத் தரநிலைகள் உள்ளன. முதலில் அவற்றுக்குச் செலவிடுங்கள். முதல்முறை வெளியே ஏறுவோர் அனுபவமுள்ள பயிற்றுவிப்பாளருடன் செல்லுங்கள். அவருடைய பையைக் கேட்டு ஒருமுறை மாட்டிப் பார்த்தால், உங்களுக்கு எது பொருந்தும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.