கூரையில்லாக் கொட்டகையின் குரல்

1933ஆம் ஆண்டில், ஒன்றோடொன்று யாதொரு சம்பந்தமும் இல்லாத மூன்று காரியங்கள் நடந்தன. ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்துக் காம்டன் நகருக்கருகே, ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர், காரை விட்டு இறங்காமலே படம் பார்க்கும்படியான முதல் திறந்தவெளித் திரையரங்கைத் தொடங்கினார்; டிசம்பர் மாதத்தில், எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்னும் மேதைக்கு, நாம் பண்பலை என்றும் எஃப்.எம். என்றும் வழங்கும் ஒலிபரப்பு முறைக்குரிய காப்புரிமைகள் கிடைத்தன. அதே ஆண்டில் இந்தியாவில், உரிமம் இன்றி ஒருவரும் கம்பியில்லாத் தந்திச் சாதனங்களை வைத்திருக்கலாகாது என்று விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இம்மூன்றும் வந்து கூடுகிற இடம், கார்க் கொட்டகையின் புரொஜக்டர் அறையில் ஒரு மூலையில் இருக்கும் சிறு டிரான்ஸ்மிட்டர்.

தமிழ்நாட்டில் டிரைவ்-இன் தியேட்டர் என்றவுடன் பலருக்கும் நினைவு வருவது, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இஞ்சம்பாக்கத்தில் பல்லாண்டுகள் நடந்து பின்னர் மூடப்பட்ட பிரார்த்தனாதான். ஆயினும், சுற்றிலும் சமவெளி பரந்து கிடக்கும் எங்கள் மதுரைக்கு அத்தகைய கொட்டகை ஒன்று பொருந்தாது என்று சொல்ல இயலாது. வெண்திரை கட்டுவது எளிது. அத்தனை வண்டிகளுக்கும் ஒரே சமயத்தில் தெளிவான சப்தத்தைக் கொண்டு சேர்ப்பதே பெரும்பாடு.

ஆதியில் திரைக்கருகே பெரிய ஒலிபெருக்கிகளை வைத்துப் பார்த்தார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையத்திலிருந்து ஆல்பர்ட் விக்டர் பாலம் வரையில் கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கிகளினிடையே நின்று, ஒரே அறிவிப்பு முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று தடவை காதில் விழக் கேட்டவர்களுக்கு, இதிலுள்ள சங்கடத்தை விளக்க வேண்டுவதில்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டரே செல்லுமாதலால், திரையிலிருந்து 170 மீட்டர் பின்னால் நிற்கும் வண்டிக்கு, கதாநாயகனின் உதடு அசைந்து அரை விநாடி கழித்தே வசனம் வந்து சேரும். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டுச் சண்டைக்கு வந்தது வேறு. 1940களில், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிறு ஒலிபெருக்கியைக் கம்பத்திலிருந்து எடுத்துக் கார் ஜன்னலில் மாட்டும் ஏற்பாடு பரவிற்று. படம் முடிந்ததும் அதைக் கழற்ற மறந்து, கம்பியோடு பிய்த்துக்கொண்டு போனவர்களும் உண்டு. காரிலேயே ரேடியோ இருக்கும்போது இத்தனை கம்பிகள் எதற்கு என்ற யோசனை பிறந்த பிறகே, கொட்டகைக்காரர் தாமே ஒரு குட்டி வானொலி நிலையத்தார் ஆயினர்.

பண்பலையில், அனுப்பப்படும் அலையின் பலம் மாறுவதில்லை. சப்தத்திற்கேற்ப அதன் அதிர்வெண்ணே மத்திய நிலையிலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரையில் விலகி விலகி மீளும். மின்னலும் வண்டிகளின் தீப்பொறியும் அலையின் பலத்தையே பெரும்பாலும் கெடுப்பதால், அந்த இரைச்சலை வாங்கும் கருவி எளிதாக வெட்டி எறிந்துவிடுகிறது. மற்றொரு விசேஷமும் உண்டு: ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதினால், பலத்தில் சற்றே மிகுந்தது மற்றதை முழுவதும் விழுங்கிவிடும். கொட்டகைக்கு இது அனுகூலம் போலத் தோன்றினாலும், கடைசி வரிசையில் நிற்பவருக்குத் திடீரென்று வேறொரு நிலையத்தின் பாட்டு கேட்பதற்கும் இதுவே காரணமாகும்.

ஆகையால் முதற்காரியம் அலைவரிசையைத் தேர்வது. மதுரையில் சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, அகில இந்திய வானொலி 103.3, ஹலோ 106.4 மெகாஹெர்ட்ஸ் என்று இடம் பிடித்திருக்கின்றன. 98.3க்கும் 103.3க்கும் நடுவே விசாலமான வெளி கிடக்கிறதே என்று புதியவர் ஒருவர் 100.5இல் போய் அமர்ந்தாரானால், அங்கே கோடைப் பண்பலை அவருக்கு முன்பே வீற்றிருக்கும். சுமார் 2100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானல் மலையிலிருந்து அது நம் சமவெளி முழுவதையும் பார்த்துப் பேசுகிறது. பண்பலை அலை கண்ணுக்கு நேரே செல்வது போலச் செல்வதாகையால், இவ்விஷயத்தில் வாட் கணக்கைவிட உயரமே அதிகம் பேசும். 108க்கு மேல் விமானப் போக்குவரத்துக்குரிய அலைகள் தொடங்குவதால், விமான நிலையம் உள்ள ஊரில் மேல் எல்லையை ஒட்டி அமர்வதும் விவேகமன்று. ஒரு சாதாரணக் கார் ரேடியோவோடு மைதானத்தின் நான்கு மூலைகளுக்கும் இரவு வேளையில் சென்று, இருபுறமும் அரை மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெறும் இரைச்சல் மட்டுமே கேட்கும் இடத்தைக் குறித்துக்கொள்வதற்கு மாற்று வழி இல்லை.

கருவி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எத்தனை வாட் என்பதையே. என் அபிப்பிராயத்தில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு மைதானத்தை நிரப்ப ஒரு வாட்டுக்கும் குறைந்த சக்தியே தாராளம். கேட்க வேண்டியது, அலை சுத்தமாக வருகிறதா என்பதுதான். மலிவான கருவிகள் தமக்குரிய அலையோடு அதன் இரட்டிப்பிலும் மும்மடங்கிலும் கசிவுகளை வெளியிட்டு, தமக்குச் சம்பந்தமே இல்லாதவர்களின் தகவல் தொடர்பைக் கெடுக்கும். இக்கசிவை அடக்கும் வடிகட்டி உள்ளே இருப்பதும், சூடேறினாலும் அலைவரிசை நகராதபடி படிகத்தைக் கொண்டு பூட்டியிருப்பதும், இருபது வாட் பெருமையைக் காட்டிலும் மேலானவை.

ஆன்டெனாவின் நீளம் அலைவரிசையைப் பொறுத்தது. 100 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 3 மீட்டர். அதில் கால் பங்காகிய 75 சென்டிமீட்டர்க் கம்பி போதும். அது செங்குத்தாக நிற்க வேண்டும், கார்களின் கம்பியும் பெரும்பாலும் அவ்வாறே நிற்பதால். ஆன்டெனாவை மாட்டாமல் கருவிக்கு மின்சாரம் கொடுத்தால், வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து உள்ளிருக்கும் டிரான்சிஸ்டரைப் பொசுக்கிவிடும். இதை மறவாதவரே மெக்கானிக்.

இனி, சப்தத்தைச் சீர்செய்தல். இங்கேதான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். இக்காலத்துப் படங்களில் இசை இடத்திலும் வலத்திலும் பரவி வர, வசனமோ நடுச் சானலில் வருகிறது. இடம் வலம் இரண்டை மட்டும் எடுத்து டிரான்ஸ்மிட்டரில் செருகினால் பாட்டும் சண்டையும் அமர்க்களமாகக் கேட்கும். நட்சத்திரம் பேசும் வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். மதுரை ரசிகர்கள் இதைப் பொறுப்பார்கள் என்று நான் நம்பவில்லை. நடுச் சானலை இரண்டு பக்கமும் சம அளவில் கலந்தே அனுப்ப வேண்டும்.

அடுத்தது ஒலியின் அளவு. சப்தம் மிகுந்தால் அலை 75 கிலோஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டி ஓடி, உச்சக் கட்டங்களில் கரகரத்து உடையும். குறைந்தாலோ இரைச்சல் மேலோங்கும். அளவு பார்க்கும் கருவி இல்லாதவர்க்கு ஒரு நல்ல உபாயம் உண்டு: காரின் ஒலிக்குமிழைத் தொடாமல், வானொலி நிலையத்தின் பேச்சையும் தம் கொட்டகையின் வசனத்தையும் மாறி மாறிக் கேட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே உரப்பில் விழும்வரை டிரான்ஸ்மிட்டருக்குள் போகும் சப்தத்தைத் திருத்திக்கொள்ளலாம். அதன்மேல், வெடிச் சத்தத்தை அமுக்கும் லிமிட்டர் ஒன்று இடையில் இருத்தல் அவசியம்.

உச்ச ஸ்வரங்களைச் சற்று மிகைப்படுத்தி அனுப்பி, வாங்குமிடத்தில் அதே அளவு தணிப்பது பண்பலையின் வழக்கம். இதற்குரிய அளவு நம் நாட்டில் 50 மைக்ரோவிநாடி, அமெரிக்காவில் 75. அந்நாட்டுக்கென்று அமைந்த கருவியை அப்படியே இங்கே ஓட்டினால் ஸகர ஷகரங்களெல்லாம் சீறும். பின்புறத்துச் சிறு விசையை மாற்றினால் தீர்ந்தது. ஸ்டீரியோ வேண்டுமென்று பிடிவாதம் செய்வதிலும் எனக்குச் சம்மதமில்லை: அதற்குரிய 19 கிலோஹெர்ட்ஸ் வழிகாட்டி ஒலியைக் கண்டதும் ரேடியோ ஸ்டீரியோவுக்குத் தாவும், பலம் குன்றிய அலையில் இரைச்சலும் உடன் எழும். ஒற்றை ஒலியாக அனுப்பினால் அதே சக்தியில் மிகத் தெளிவாக, வெகுதூரம் கேட்கும்.

இத்தனையும் செய்தாலும், உரிமம் இல்லாமல் ஒலிபரப்பினால் அது குற்றமே. பீகாரின் மன்சூர்பூர் கிராமத்தில் மிகச் சொற்பச் செலவில் இயங்கி ஊரையே மகிழ்வித்த ஒரு பண்பலை நிலையம், இக்காரணத்தால் 2006இல் மூடப்பட்டது. டிரைவ்-இன் தியேட்டர் போன்ற சிறு எல்லைக்குள் அடங்கும் குறைந்த சக்தி ஒலிபரப்புக்கெனத் தனி வகை உரிமம் ஏற்படுத்தலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் பரிந்துரைத்தது.

கார்க்காரர்கள் மூன்று மணி நேரம் ரேடியோவை ஓடவிட்டால் பழைய பாட்டரி தளர்ந்துவிடக்கூடும். ஆதலால் கொட்டகையில் ஒரு நல்ல பாட்டரியும் தடித்த கேபிளும் தயாராயிருப்பது முறை. நம் ஊரிலோ இருசக்கர வண்டியில் வருபவர்களே மிகுதி. கைபேசியிலுள்ள எஃப்.எம்., காதில் மாட்டும் கம்பியையே ஆன்டெனாவாகக் கொள்வது; அக்கம்பி செருகும் துளையே இல்லாத புதுக் கைபேசிக்காரர்களுக்கு, டிக்கெட் கவுண்டரிலேயே சட்டைப்பை ரேடியோக்களைச் சிறு வாடகைக்குக் கொடுத்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும்.