ஓடும் வீட்டில் ஒரு பள்ளிக்கூடம்

வீட்டை விற்றுவிட்டு வண்டியில் குடியேறும் அமெரிக்கக் குடும்பங்கள் முதல் சில வாரங்களில் தண்ணீர், முகவரி, பாடப் புத்தகம் மூன்றோடும் மல்லுக்கட்டுகின்றன.

பிற்பகல் மூன்று மணி. முகாம் திடலுக்குள் ஒரு பிக்கப் டிரக் நுழைகிறது. அதன் பின்னால், கொக்கியில் மாட்டிய 35 அடி நீள வீடு. கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியைப் பார்க்கிறார். மனைவி பின்னால் நின்று கையை இடமும் வலமுமாக ஆட்டுகிறார். அவர் காட்டும் திசைக்கு நேர் எதிராக வண்டி திரும்புகிறது. (டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்தும்போது ஸ்டியரிங்கைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அது கைக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும்.) அண்டை வண்டிக்காரர்கள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள். மடியில் காலையில் முடிக்காமல் விட்ட கணக்கு நோட்டு. இன்றைக்கும் பள்ளி நடக்கவில்லை.

கோடையில் அமெரிக்காவின் எந்த முகாம் திடலிலும் காணக்கூடிய காட்சி இது. படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு கூடிய இந்த வண்டிகளை அங்கே ஆர்.வி. என்கிறார்கள். அவற்றில் ஊர் சுற்றுவது புதிதல்ல. 1919இலேயே ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் கார்களில் கூடாரம் கட்டித் திரிந்தவர்கள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கம் வைத்தார்கள். ஆனால் ஆண்டு முழுக்க வண்டியிலேயே குடியிருப்பது வெகுகாலம் ஓய்வு பெற்றவர்களின் வாழ்க்கையாகவே இருந்தது. பள்ளிக்கூட வயதில் குழந்தைகளை வைத்துக்கொண்டு, வேலையையும் விடாமல் இப்படிக் கிளம்புகிறவர்கள் பெருகியது பிற்பாடுதான். கொரோனா காலம் அதற்கு ஒரு பெரிய உந்துதல்.

காரணம் எளிது. 2020இல் பள்ளிகள் மூடின. அலுவலகம் மடிக்கணினிக்குள் வந்துவிட்டது. அப்புறம் ஒரே தெருவில் ஏன் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அந்த ஆண்டு வசந்த காலத்தில், பள்ளி வயதுக் குழந்தைகள் உள்ள அமெரிக்கக் குடும்பங்களில் 5.4 சதவீதம் வீட்டிலேயே கற்பிப்பதாக மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையிடம் தெரிவித்தன. அக்டோபருக்குள் அது 11.1 சதவீதமாகிவிட்டது. கறுப்பின மக்களிடையே 3.3 சதவீதத்திலிருந்து 16.1 சதவீதத்துக்குத் தாவியது. வண்டித் தொழிற்சாலைகளுக்கும் யோகம் அடித்தது. 2021இல் மட்டும் 6 லட்சத்துக்கும் சற்று அதிகமான வண்டிகள் விற்பனைக்குப் போயின. 2023இல் இது ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது, மோகம் தணிந்தது. ஆனால் கிளம்பிய எல்லோரும் திரும்பிவிடவில்லை.

கிளம்பியவர்களுக்கு முதலில் உறைப்பது இடம். புதிதாகக் கட்டப்படும் சராசரி அமெரிக்க வீடு 2,000 சதுர அடியைத் தாண்டும். ஆர்.வி.யோ 400 சதுர அடிக்குள் அடங்கினால்தான் சட்டப்படி ஆர்.வி. அடுத்தது தண்ணீர். வீட்டில் ஓர் அமெரிக்கர் நாளொன்றுக்குச் சுமார் 300 லிட்டர் செலவழிக்கிறார். பல டிரெய்லர்களில் தொட்டியின் கொள்ளளவே 150 லிட்டர்தான், அதுவும் நான்கு பேருக்கு. குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே போய்விடுகிறது. கழிவு தானாக எங்கும் போய்விடாது. குளியல், பாத்திரம் கழுவிய நீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக்கு ஒரு தொட்டி. இரண்டையும் குழாய் மாட்டிக் காலி செய்வது கையுறை போட்டுக்கொண்ட தந்தையின் பொறுப்பு. குழந்தைகளுக்கு இது மிகப் பிடித்த அறிவியல் பாடம்!

மற்ற பாடங்கள்தான் தகராறு. பெரும்பாலான பெற்றோர் அட்டவணை போட்டுத் தொடங்குகிறார்கள்: ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்துக்கு ஆங்கிலம். வண்டியில் இருக்கும் ஒரே மேஜையில்தான் சாப்பாடு, அதில்தான் பாடம். பலகையைத் தாழ்த்தினால் அதுவே இரவில் படுக்கை. தந்தைக்கு அலுவலகக் கூட்டம் என்றால் அவர் டிரக்குக்குள் போய் உட்கார வேண்டும், அல்லது குழந்தைகள் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். மழை பெய்தால் இரண்டும் நடக்காது. நகரும் நாள்களில் பாடம் கிடையாது. இரண்டு நாளுக்கொரு முறை நகர்ந்தால் பாடமே கிடையாது. பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மூன்று மணிக்குள் இடம் சேர், குறைந்தது மூன்று நாள் தங்கு. புதியவர்கள் இதைக் கேட்பதில்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் முதல் மாதத்திலேயே பார்த்துவிடத் துடித்து, களைத்து, குழந்தைகளைத் திட்டி, பிறகுதான் வேகத்தைக் குறைக்கிறார்கள்.

இந்த இடைக்கால அவதிக்கு வீட்டுக்கல்விக்காரர்களிடம் ஒரு பெயர் உண்டு: 'டீஸ்கூலிங்'. இவான் இல்லிச் 1971இல் தம் நூலுக்கு வைத்த தலைப்பிலிருந்த சொல் இது. இன்று வேறு பொருளில் புழங்குகிறது. 1977இல் வீட்டுக்கல்விக்கென்றே இதழ் தொடங்கிய ஜான் ஹோல்ட் போன்றவர்களின் வழிவந்தவர்கள், பள்ளியை விட்டு வந்த குழந்தையை உடனே மேஜையில் உட்கார வைக்காதீர்கள் என்கிறார்கள். ஒரு வருடப் பள்ளிப் படிப்புக்கு ஒரு மாதம் என்று கணக்கிட்டு அதைச் சும்மா விடுங்கள் என்பது அவர்கள் வட்டாரத்தில் வழங்கும் வழக்கு. நான்காம் வகுப்புப் பையனுக்கு நான்கு மாதம். இதற்கு ஆய்வு ஆதாரத்தை விட அனுபவ ஆதாரமே அதிகம். தவிரவும், மணி அடித்தால்தான் பாடம் என்ற நினைப்பு குழந்தையை விடப் பெற்றோரிடம்தான் வேரோடியிருக்கிறது.

சட்டமோ காத்திருக்காது. ஓடும் குடும்பத்துக்கும் ஏதாவதொரு மாநிலம் சொந்த மாநிலமாக இருந்தாக வேண்டும். ஓட்டுநர் உரிமம், வாக்கு, வரி, காப்பீடு, குழந்தையின் கல்வி எல்லாம் அந்த முகவரியைத்தான் தேடி வரும். வீட்டுக்கல்வி 1993 வாக்கில் ஐம்பது மாநிலங்களிலும் சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் பாடத்திட்டம், காலாண்டு அறிக்கை, ஆண்டு மதிப்பீடு என்று எல்லாம் கேட்பார்கள். ஃபுளோரிடாவில் அறிவிப்புக் கடிதமும் ஆண்டு மதிப்பீடும் போதும். டெக்சாஸில் வீட்டுப்பள்ளி என்பது தனியார் பள்ளி என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்துவிட்டதால், அரசிடம் பதிவு செய்யவே வேண்டாம். தெற்கு டகோட்டா 2021இல் தேர்வை எடுத்துவிட்டு, ஒரு முறை தெரிவித்தால் போதும் என்றது. அங்கே ஒரே ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டி ஓட்டுநர் உரிமமும் வாங்கலாம். ஃபுளோரிடா, டெக்சாஸ், தெற்கு டகோட்டா மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. 'முழுநேர' வண்டிக்காரர்கள் இந்த மூன்றையே தேர்ந்தெடுப்பதன் ரகசியம் புரிகிறதா?

டெக்சாஸின் லிவிங்ஸ்டன் சிற்றூர் இதில் ஒரு வேடிக்கை. 1978இல் தொடங்கிய எஸ்கேபீஸ் என்ற வண்டிக்காரர் சங்கம் அங்கே தபால் நிலையம் போல ஒன்றை நடத்துகிறது. ஊரில் ஓர் இரவுகூடத் தொடர்ந்து தூங்காத ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதுவே விலாசம். இத்தனைக்கும் பிறகு சிக்கல் தீர்வதில்லை. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் சொந்த மாநில மருத்துவமனைகளோடு கட்டுண்டது. குழந்தைக்குக் காய்ச்சல் வருவதோ இரண்டாயிரம் மைல் தள்ளி. முழுநேரம் குடியிருந்தால் வண்டிக்கான வாரண்டி செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதும் தண்ணீர்க் குழாய் கசிந்த பிறகுதான் கண்ணில் படும்.

மொழிபெயர்ப்பாளனுக்குச் சோதனை வைக்கும் சொல் ஒன்றும் இந்த வாழ்க்கையில் உண்டு: 'பூண்டாக்கிங்'. மின் இணைப்பு, குழாய் எதுவுமில்லாத வெட்டவெளியில் வண்டியை நிறுத்தித் தங்குவது. பிலிப்பைன்ஸின் டகாலோக் மொழியில் 'புண்டோக்' என்றால் மலை. அங்கே போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுவந்த சொல் இது. மேற்கு மாநிலங்களின் மத்திய அரசு நிலங்களில் பொதுவாக 14 நாள் வரை இப்படிக் காசில்லாமல் தங்கலாம். அதன் பிறகு நகர்ந்துவிட வேண்டும். சூரியத் தகடும், 2022இலிருந்து வண்டிகளுக்கென்றே விற்கப்படும் ஸ்டார்லிங்க் இணைய இணைப்பும் வந்தபின் பாலைவனத்தின் நடுவிலும் ஆன்லைன் வகுப்பு நடக்கிறது.

குழந்தைகளுக்குக் கிடைப்பதைக் குறைத்து மதிப்பிட முடியாது. யூட்டா, கொலராடோ எல்லையிலுள்ள டைனசோர் தேசிய நினைவிடத்தில் ஒரு பாறைச் சுவர். அதில் சுமார் 1,500 எலும்புகள் புதைந்தபடியே தெரிகின்றன. சிலவற்றைத் தொட்டும் பார்க்கலாம். பாடப் புத்தகத்துப் படத்தால் இது ஆகுமா? தேசியப் பூங்காக்களில் 'ஜூனியர் ரேஞ்சர்' புத்தகத்தை நிரப்பி, உறுதிமொழி எடுத்தால் ஒரு பேட்ஜ் கிடைக்கும். வண்டிக் குழந்தைகள் இதைப் பைத்தியமாகச் சேர்க்கிறார்கள். நான்காம் வகுப்புக் குழந்தையின் குடும்பத்துக்கு மத்திய அரசுப் பூங்காக்களில் ஓர் ஆண்டு நுழைவுக் கட்டணம் இல்லை என்ற 2015ஆம் ஆண்டுத் திட்டம், வீட்டில் படிக்கும் பத்து வயதுக் குழந்தைக்கும் பொருந்தும்.

இழப்பும் உண்டு. நம்மூரில் இடமாற்றத்தில் சுற்றும் மத்திய அரசு ஊழியர்களின் குழந்தைகளுக்கு இது புரியும். ஜபல்பூரிலிருந்து கொச்சிக்கு வந்த பெண்ணுக்கு நண்பர்கள் மாறினாலும் பாடப் புத்தகம் மாறாது. 1963இல் தொடங்கிய கேந்திரிய வித்யாலயாக்களின் நோக்கமே அதுதான். வண்டிக் குழந்தைக்குப் பள்ளி கூடவே வருகிறது, நண்பர்கள்தான் ஒவ்வொரு திடலிலும் மாறுகிறார்கள். மூன்றாம் வாரத்தில் அழுகை வருவது பெரும்பாலும் இதற்குத்தான். அதனால்தான் குடும்பங்கள் சேர்ந்து ஒரே திடலில் வாரக்கணக்கில் முகாமிடும் வழக்கம் பரவியிருக்கிறது.

அதே திடலில் நாலு வண்டி தள்ளி இன்னொரு குடும்பம் இருக்கலாம். வாடகை கட்ட முடியாமல் வண்டிக்கு வந்தவர்கள். 1987ஆம் ஆண்டின் மெக்கின்னி-வென்டோ சட்டம், வேறு போக்கிடம் இல்லாமல் முகாம் திடலில் வசிக்கும் குழந்தையை வீடற்ற குழந்தை என்றே வகைப்படுத்துகிறது. சான்றிதழ் இல்லையென்றாலும் பள்ளி உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 2021இல் ஆஸ்கர் வாங்கிய 'நோமேட்லேண்ட்' படம் காட்டியது இந்தப் பக்கத்து வண்டியின் முதியவர்களைத்தான். ஒரே நீளம், ஒரே தொட்டி. ஒருவருக்கு அது விடுதலை, மற்றவருக்கு நெருக்கடி. பளபளப்பான புகைப்படங்களில் இந்த வேறுபாடு விழுவதில்லை.

விருப்பத்தோடு கிளம்பியவர்களின் குழந்தைகள் வளர்ந்தபின் என்ன சொல்வார்கள்? ஒரு குடும்பத்தின் விஷயத்தில் பதில் பதிவாகியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மருத்துவம் படித்த டோரியன் பாஸ்கோவிட்ஸ் தொழிலை உதறி, மனைவி ஜூலியட்டுடன் ஒன்பது பிள்ளைகளை 24 அடி வண்டியில் வளர்த்தார். எட்டு ஆண், ஒரு பெண். பள்ளிக்கு அனுப்பவில்லை, கடலலையில் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். 'சர்ஃப்வைஸ்' என்ற 2007ஆம் ஆண்டு ஆவணப்படத்தில், வளர்ந்துவிட்ட பிள்ளைகள் அந்த நாள்களின் ஆனந்தத்தையும் பேசுகிறார்கள், படிப்பு இல்லாமல் உலகில் இறங்கியபோது பட்ட பாட்டையும் கோபத்தோடு பேசுகிறார்கள். பாஸ்கோவிட்ஸ் 2014இல் 93 வயதில் இறந்தார். தந்தைக்குப் பட்டம் இருந்தது, வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை.

இன்று கிளம்பும் பெற்றோரில் விவரமானவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு கோப்பு திறக்கிறார்கள்: படித்த புத்தகங்கள், எழுதிய கட்டுரைகள், போன அருங்காட்சியகங்கள், தேதியோடு. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலைத் தயாரித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அம்மாவேதான். அப்போது முகவரி மறுபடியும் கதவைத் தட்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர் மாணவருக்குக் கட்டணம் வெகு குறைவு. அதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் அந்த மாநிலத்தில் வசித்ததாகக் காட்ட வேண்டும். தபால் வரும் விலாசம் மட்டும் அதற்குப் போதாது. பிள்ளை பதினாறைத் தொட்டதும் பல குடும்பங்கள் வண்டியை ஓரங்கட்டி வாடகைக்கு வீடு தேடுவது இந்தக் கணக்கில்தான்.